யாரு செய்யணும்னு மைக்ல சொன்ன மெம்பர்: 2021 பயணத்தட நேரத்துல ஒரு தோட்டத்துல நடந்தது, நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்துல ஹட்டன்ல இருந்து உள்ளுக்குப் போற ஒரு தேயிலத் தோட்டம், அதுல கீழ் டிவிஷன். பேரு போடல. இதுல வர்ற ஆளுங்க எல்லாம் இன்னமும் அங்கதான் இருக்காங்க, நாளைக்கும் அதே ஆபீஸ்ல, அதே ஆஸ்பத்திரியில போயி நிக்க வேண்டியவங்க. 2021 மே ஜூன் மாசம் நாடு பூரா பயணத்தட போட்டிருந்தப்போ அந்த டிவிஷன்ல ஒரு லயத்த அப்படியே மூடிட்டாங்க, அந்த நேரம் அங்க தெரிவான பிரதேச சபை மெம்பர் ஒருத்தரு தெனம் சாயந்தரம் மாரியம்மன் கோயில் மைக்ல நெலவரம் சொல்லிக்கிட்டு வந்தாரு. அந்த அறிவித்தல் எதுக்கு ஒதவுச்சு, எதுக்கு ஒதவல, அக்கம்பக்கம் என்னா செஞ்சாங்க, இதத்தான் எழுதுறேன். தட எடுத்த பொறவு லயத்து ஆளுங்களோட ஒக்காந்து பேசினேன், மெம்பர் குறிப்பு எழுதி வச்ச சீ.ஆர் கொப்பியையும் அவரே குடுத்தாரு, பாத்தேன்.

கொரோனா காலத்த பத்தி மலையகத்துல எழுதுனா சாமான் பார்சல் குடுத்த கததான் கூட வருது. குடுத்தவங்க எல்லாருக்கும் நன்றி சொல்லணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா அந்த லயத்து சனம் என்கிட்ட திரும்பத் திரும்ப சொன்னது வேற விசயம். எந்த வேலைய எந்த ஆபீஸ் செய்யணும்னு அந்த ஆளு பேர் சொல்லி சொன்னாரு, அப்பதான் எங்க போயி யாருகிட்ட கேக்கணும்னே எங்களுக்கு தெரிஞ்சிச்சுன்னாங்க. இத்தன வருசமா ஒரே எடத்துல இருக்குற சனம் இத சொல்றப்போ எனக்கு மனசு கொதிச்சிச்சு.

மொதல்ல எடத்த பத்தி

லயம்னா தெரிஞ்சவங்களுக்கு தெரியும், தெரியாதவங்களுக்கு, வரிசையா ஒட்டிக் கட்டுன தொழிலாளர் வீடு. பத்துக்குப் பன்னெண்டு அடி காம்பரா, முன்னுக்கு இஸ்தோப்புன்னு ஒரு திண்ண, அடுப்பு மூட்ட ஒரு மூல. அதுக்குள்ள அப்பா அம்மா, கல்யாணம் கட்டுன மகன், பேரப்புள்ளைங்க. தண்ணி புடிக்கிற பீலி பொது, கக்கூஸ் நாலஞ்சு குடும்பத்துக்கு ஒண்ணு. டீவியில தனி ரூம்ல இருங்க, தனி கக்கூஸ் பாவிங்க, அடிக்கடி கைய கழுவுங்கன்னு சொல்றப்போ இவங்க அத கேட்டுக்கிட்டு என்னா செய்ய ஏலும்? ஒருத்தர் இருமுனா அடுத்த காம்பராவுல புள்ள முழிச்சிக்கும், தகரத்துக்கு கீழ செவரு முழுசா மேல வரைக்கும் போகாத லயம் அது.

பொறுப்பு யாருதுங்கற கேள்விக்கு ஒரு பழைய காரணம் இருக்கு. 1987 பிரதேச சபைச் சட்டத்துல தோட்டத்துக்குள்ள சபை காச போட்டு வேல செய்றதுக்கு வழி இல்லாம இருந்திச்சு, தோட்டம் கம்பனி பொறுப்புல இருக்குற காணின்னு. 2018-லதான் 33ஆம் பிரிவ திருத்தி அந்த வழிய தொறந்தாங்க. அதே 2018 பெப்ரவரியில நடந்த எலெக்சனுக்கு முன்னுக்கு நுவரெலியா மாவட்டத்துல நுவரெலியா, அம்பகமுவன்னு பெருசா கெடந்த ரெண்டு சபைய ஆறா பிரிச்சாங்க. அப்ப நம்ம மெம்பர் உள்ளுக்கு வந்தது புது சபை, புது அதிகாரம், கையில காசு இல்ல, ஆளு இல்ல. மத்தப்பக்கம் 1992-ல தோட்டங்கள 22 கம்பனிக்கு குடுத்ததுல இருந்து வீடு, தண்ணி, மருந்துன்னு எத கேட்டாலும் கம்பனி கவர்மெண்ட காட்டும், கவர்மெண்ட் கம்பனிய காட்டும். கிராம சேவகர், அதான் ஜி.எஸ், ஒருத்தருக்கு பல தோட்டம், ஃபார்ம் வர்றது பாதி நேரம் சிங்களத்துல. சாதாரண நாள்லயே இப்படி இருக்குற எடத்துல நோய் வந்தா என்னாகும்?

நடந்தது

2020 மார்ச் 20 சாயந்தரம் ஊரடங்கு போட்டப்போ நாடே வீட்டுக்குள்ள போச்சு, தோட்டத்துல மட்டும் கொழுந்து எடுத்தாங்க. மொத அலை மலைக்கு அவ்வளவா வரல. ஒக்டோபர்ல மினுவாங்கொட, பேலியகொடன்னு ரெண்டாவது அலை வந்தப்போ கொழும்புல கடையில, ஓட்டல்ல வேல செய்ற நம்ம புள்ளைங்க மாட்டிக்கிட்டாங்க. அந்த வருசம் தீவாளி நவம்பர் 14, அதுக்கு முன்னுக்கே மேல் மாகாணத்த விட்டு வெளிய போக ஏலாதுன்னு தட போட்டாங்க. புள்ள இல்லாத தீவாளி எத்தனையோ லயத்துல.

2021 சித்திர வருசத்துக்கு பொறவு மூனாவது அலை. மே 21 ராத்திரி போட்ட பயணத்தட, சாமான் வாங்க 25ஆம் தேதி கொஞ்ச நேரம் தொறந்தாங்க, மத்தபடி ஜூன் 21 வரைக்கும் இழுத்துச்சு. அதுக்குள்ள கீழ் டிவிஷன்ல ஒரு லயத்துல ஒரு பையனுக்கு காய்ச்ச, பொறவு அவுங்க அம்மாவுக்கு, பொறவு அடுத்த காம்பராவுல. பொது சுகாதாரப் பரிசோதகர், அதான் பி.எச்.ஐ, வந்து அன்டிஜன் டெஸ்ட் எடுத்தாரு, அன்னைக்கே லயத்து ரெண்டு கோடிக்கும் கயிறு கட்டியாச்சு. பையன் கொழும்புல சாப்பாட்டுக் கடையில வேல செஞ்சிட்டு வந்தவன், அதனால எல்லாரும் அவனத்தான் கை காட்டுனாங்க. ஸ்டோர்ல, அதான் தேயில பேக்டரியில, வேல செஞ்ச ரெண்டு பேருக்கு அவனுக்கு முன்னாடியே காய்ச்ச இருந்திச்சுன்னு பொறவுதான் தெரிய வந்திச்சு, ஆனா அதுக்குள்ள அந்த அம்மா பீலிக்கு போனா மத்தவங்க கொடத்த எடுத்துக்கிட்டு தள்ளிப் போற நெலம.

அன்னைக்கு சாயந்தரம்தான் மெம்பர் மொத தடவ மைக்க புடிச்சாரு. வாட்ஸ்அப்ல போட்டா எல்லாருகிட்டயும் போன் இல்ல, இருந்தாலும் டேட்டா இல்ல, மேட்டு லயத்துக்கு சிக்னலும் இல்ல. கோயில் ஸ்பீக்கர் மட்டும் எல்லா லயத்துக்கும் கேக்கும். அவரு சொன்னத அந்த லயத்துல ஏ.எல் படிக்கிற ஒரு புள்ள போன்ல பதிஞ்சி வச்சிருந்திச்சு, அதுல ஒரு நாளைக்கு உள்ளத அப்படியே தர்றேன் (தொரன்னா தோட்டத்து மேனேஜர்):

"வணக்கம், நான் மெம்பர் பேசுறேன். எத்தன பேருக்கு வந்திருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், அது பி.எச்.ஐ ஐயா சொல்ல வேண்டியது. யாரு கொண்டாந்தான்னு யாரும் கேக்காதீங்க, நாளைக்கு ஒங்க வீட்டுக்கும் வரலாம். மூடுன லயத்துக்கு பைப்புல தண்ணி வரல, அது தோட்டத்து வேல, தொர கிட்ட காலையில சொல்லியாச்சு, நாளைக்கு பத்து மணிக்குள்ள செய்றோம்னாங்க, செஞ்சாங்களா இல்லையான்னு நாளைக்கு இதே நேரம் சொல்றேன். ஒலர் உணவு சாமான் ஜி.எஸ் லிஸ்ட் போட்டு பிரதேச செயலகத்துல இருந்து வரணும், லிஸ்ட் போயிருக்கு, சாமான் வரல. கக்கூஸ் குழி நெறஞ்சது சபை வேல, சபையில பவுசர் ஒண்ணுதான் இருக்கு, வெள்ளிக்கெழம வரும். மூச்சு வாங்குதுன்னா என்ன தேடாதீங்க, ஒடனே 1990-க்கு அடிங்க, காசு இல்ல. நான் இன்னைக்கு செய்ய ஏலாமப் போனது ஒண்ணு இருக்கு, சம்பள விசயம், அத பத்தி யாரும் பதில் சொல்லல."

இவ்வளவுதான். நாலஞ்சு நிமிசம். ஆனா இதுல உள்ள ஒழுங்க பாருங்க. ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு ஆபீஸ், ஒரு நாள், சொன்னபடி நடந்துச்சான்னு மறுநாள் ஒரு பதில். சீ.ஆர் கொப்பியிலயும் அதே மாதிரிதான் கோடு போட்டிருந்தாரு, என்னா கேட்டாங்க, யாரு செய்யணும், என்னைக்கு சொன்னாங்க, என்னாச்சு. கடைசி கட்டம் வெறுமையா கெடந்தா மறுநாள் மைக்ல அது திரும்ப வரும். தண்ணி பைப் ரெண்டாவது நாள் சரியாச்சு. மைக்ல பேர் சொன்னது தோட்ட ஆபீஸ்ல உள்ளவங்களுக்கு புடிக்கல, ஏன் இப்படி ஊருக்கே சொல்றீங்கன்னு கேட்டிருக்காங்க. நடந்ததையும் ஊருக்கேதான் சொல்றேன், பைப் வந்தப்போ நன்றி சொன்னேனேன்னு இவரு சொல்லியிருக்காரு. உண்மையாவே சொல்லியிருந்தாரு, அந்த பதிவும் இருக்கு.

மருந்து பார்சல்

இந்த ஆய்வுல நான் நிதானமா சொல்ல வேண்டிய எடம் இதுதான். கிளினிக் போக ஏலாத நோயாளிகளுக்கு மருந்த தபால்ல அனுப்புற ஏற்பாடு 2020 ஏப்ரல்லயே ஆரம்பிச்சது, நல்ல திட்டம், நாட்டுல நெறைய பேருக்கு ஒதவுச்சு. ஆனா தபால் வீடு தேடிப் போகணும்னா வீட்டுக்கு விலாசம் இருக்கணும். லயத்துக் காம்பராவுக்கு ஏது விலாசம்? தோட்டத்துப் பேரு, டிவிஷன் பேரு, அவ்வளவுதான். கடிதம் எல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், அங்கிருந்து காலையில வேல பிரிக்கிற பெரட்டுக் களத்துல பேர் வாசிச்சுக் குடுப்பாங்க, இல்ல யாராச்சும் கையில குடுத்து அனுப்புவாங்க. காலங்காலமா இப்படித்தான். நேர்முகப் பரீட்ச கடிதம் நாள் கழிச்சி வந்து வேலைய தவற விட்ட புள்ளைங்கள எனக்கே தெரியும்.

மூடுன லயத்துல ஒரு அப்பாயிக்கு சீனியும் பிரஷரும். மருந்து முடிஞ்சி போச்சு, இருந்த குளிசைய பாதி பாதியா ஒடைச்சி போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, யாருக்கும் சொல்லல. ஒரு நாள் தல சுத்தி இஸ்தோப்புல ஒக்காந்துட்டாங்க, பக்கத்து காம்பரா புள்ளதான் கயித்துக்கு இந்தப்பக்கம் நின்ன மெம்பர் கிட்ட சத்தம் போட்டு சொன்னிச்சு.

"ஏன் அப்பாயி, மருந்து முடிஞ்சத ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"யாருகிட்டய்யா சொல்றது? தபால்ல வரும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தபால் வந்தா பெரட்டுல பேர் வாசிப்பாங்க. எங்க லயத்துல இருந்து ஒருத்தரும் பெரட்டுக்கு போவலயே."

மெம்பர் நேரா ஆபீசுக்கு போயி பாத்தா பார்சல் அங்கதான் கெடக்கு. அந்த அப்பாயிது மட்டும் இல்ல, இன்னும் சிலரோடதும். ஒளிச்சி வச்சாங்கன்னு நான் சொல்லல, பெரட்டுக்கு வந்து வாங்கிக்குவாங்கன்னு வழக்கப்படி வச்சிட்டாங்க, அந்த வழக்கம்தான் ஆள கொல்ற அளவுக்கு கொண்டு போயிருக்கும். லயத்த மூடுனது ஒரு திணைக்களம், மருந்து அனுப்புனது இன்னொரு திணைக்களம், வாங்கி வச்சது தோட்டம், இந்த மூனும் ஒரே சங்கிலின்னு பாக்க ஒரு ஆளு இல்ல. அன்னைக்கு சாயந்தரத்துல இருந்து மைக்ல ஒரு வரி கூடுச்சு: "மருந்து பார்சல் வந்திருக்கு, மூடுன லயம் நாலாம் காம்பரா, ஏழாம் காம்பரா." ஆளு பேரு சொல்லல, நோயும் சொல்லல, காம்பரா நம்பர் மட்டும். தபால் தூக்குற அண்ணன் ஆபீஸ்ல இருந்து எறங்கி வந்து கயித்துக்கிட்ட வச்சிட்டுப் போவாரு. ஒரு காசும் செலவாகல. யோசிச்சுப் பாருங்க, காம்பரா நம்பர விலாசமா பாவிக்க ஏலும்னு அந்தத் தோட்டத்துல அன்னைக்குத்தான் காட்டுனாங்க, இது கொரோனா வராம இருந்தாலும் செய்ய வேண்டியதுதானே.

அக்கம்பக்கம்

ஒலர் உணவு வர்ற வரைக்கும் லயம் சாப்பிட்டது மேல் டிவிஷன் பொம்பளைங்க தயவுல. மாதர் சங்கத் தலைவி ஒரு அக்கா, அவங்க சொன்னது காம்பராவுக்கு ஒரு சுண்டு அரிசி, முடியலன்னா மாவு, அதுவும் முடியலன்னா வெறகு. அவங்களுக்கே கஷ்டம்தான். 2021 மார்ச்லதான் நாள் சம்பளம் 900ம் கொடுப்பனவு 100மா 1,000 ரூவான்னு வர்த்தமானி வந்திருந்திச்சு, ஆனா சம்பளம் கூடுனதும் எடுக்க வேண்டிய கிலோவும் கூடிப் போச்சு, கிலோ கொறைஞ்சா அர பேரு, அதாவது அர நாள் கூலிதான், வேல நாளும் கொறைஞ்சிச்சு. அதுலயும் ஒரு சுண்டு எடுத்து வச்சாங்க. சேந்த அரிசிய கொழுந்து மடுவத்துல கொழுந்து நிறுக்குற தராசுலயே தொங்கவிட்டு, ஆளு கூடுன காம்பராவுக்கு கூட, கொறைஞ்சதுக்கு கொறச்சின்னு நிறுத்துக் கட்டுனாங்க. கொழுந்து நிறுக்கறப்போ கூடைக்குன்னு, ஈரத்துக்குன்னு கிலோ கழியிறத எத்தனையோ வருசமா பாத்துக்கிட்டு நின்ன கைங்க. இந்த நிறுவைக்கு கழிவு இல்லன்னு அந்த அக்கா சொன்னாங்க, சொல்றப்போ அவங்க மொகத்துல இருந்தத எனக்கு எழுதத் தெரியல.

வெறகுக்கு வாலிபப் பசங்க தேயில கவ்வாத்து வெட்டுன மலையில மிலாறு, அதான் வெட்டிப் போட்ட குச்சி, கட்டி கொண்டாந்து போட்டாங்க. சின்னக் கடைக்காரரு கடன் கொப்பியில எழுதிக்கிட்டு சாமான் குடுத்தாரு, தட எடுத்து ரெண்டு சம்பளம் வரைக்கும் கேக்கவும் இல்ல. அந்தக் காய்ச்சக்கார பையனோட அம்மாவுக்கு மொத நாள் கொடத்த இழுத்துக்கிட்டு போனவங்கள்ல ஒருத்தங்களே பொறவு ரசம் வச்சி அனுப்பியிருக்காங்க. ரெண்டையும் எழுதணும். பயந்ததும் நம்ம சனம், ரசம் வச்சதும் நம்ம சனம்.

ஃபார்ம் நெரப்புனது அந்த ஏ.எல் புள்ள. சிங்கள ஃபார்ம தமிழ்ல வாசிச்சு, காம்பரா காம்பராவா அடையாள அட்ட நம்பர கத்தச் சொல்லி கேட்டு எழுதியிருக்கு. தமிழும் அரச கரும மொழின்னு அரசியலமைப்புல இருக்கு, இருந்தும் நம்ம ஃபார்ம ஒரு பள்ளிக்கூட புள்ள மொழிபெயர்க்க வேண்டியதா இருக்கு. அந்தப் புள்ளைக்கே பள்ளிக்கூடம் பூட்டி, ஒன்லைன் பாடத்துக்கு மேட்டுப் பாறைக்கு ஏறித்தான் சிக்னல் எடுக்கணும், லயம் மூடுன நாள்ல அதுவும் இல்ல.

ஒதவாம போன எடம்

சம்பளம். மெம்பர் மைக்ல ஒளிக்காம சொன்னாரு, இதுக்கு பதில் சொல்ற ஆளு எனக்கு கெடைக்கலன்னு. லயத்த மூடுன நாளெல்லாம் பேரு விழல. நோய் பரவாம இருக்க உள்ள இருங்கன்னு சட்டம் சொல்லுது, உள்ள இருந்ததுக்கு கூலி போச்சு. தோட்டம் சொல்லிச்சு வேல செய்யாம எப்படி பேரு போடுறதுன்னு. தொழில் சங்கத்துக்காரங்க பேசுறோம்னாங்க. கொப்பியில அந்த வரிக்கு நேரா கடைசி கட்டம் இன்னைக்கும் வெறுமைதான். 2020 ஏப்ரல் மேயில கவர்மெண்ட் குடுத்த 5,000 ரூவா ஒதவியிலயும் இதே கததான், இந்த டிவிஷன்ல நெறைய குடும்பத்துக்கு ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்) கட்டுற நெரந்தர வேல இருக்குன்னு சொல்லி பேர வெட்டிட்டாங்க. நாள் கூலிக்கு கொழுந்து எடுக்குற ஆளு மாச சம்பளக்காரரா?

இங்க மெம்பரோட மொற தோத்துப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். யாருமே பொறுப்பு எடுக்காத எடம் எதுன்னு ஊரு முழுக்க தெரிஞ்சிச்சு, அதுவே பெரிய விசயம். ஆனா மைக் அதுக்கு மேல ஒண்ணும் செய்ய ஏலாது, சபை மெம்பருக்கு கம்பனிய கேக்குற அதிகாரம் இல்ல. இன்னொண்ணு, பிற்பாடு ஒரு கூட்டத்துல ஒரு பெரிய அதிகாரி தோட்டத்து மக்கள் தங்களுக்குள்ளேயே பாத்துக்கிட்டாங்க, முன்மாதிரின்னு பாராட்டினாரு. எனக்கு அது கொஞ்சமும் ஏத்துக்க ஏலல. ஒரு சுண்டு அரிசி குடுத்தவ வீட்டுல அன்னைக்கு ராத்திரி ரொட்டிக்கு மாவு பத்தல. அந்த அரிசிய கணக்குல காட்டி, வர வேண்டிய சாமான் பிந்துனத மறைக்கக் கூடாது.

தடுப்பூசி பத்தி சுருக்கமா. சைனோபார்ம் போட வந்தப்போ ஊசி போட்டா புள்ள பொறக்காதுன்னு கத பரவிச்சு. மெம்பரு கதைய மறுக்குறதுக்கு நேரம் செலவழிக்கல, கை வலிக்கும், சிலருக்கு ரெண்டு நாள் காய்ச்ச இருக்கும், மலைக்கு போக ஏலாம இருக்கலாம்னு உள்ளத சொன்னாரு. பொம்பளைங்க பயந்தது அந்த ரெண்டு நாள் பேருக்குத்தான். சனிக்கெழம போட்டா ஞாயித்துக்கெழம படுத்துக்கலாம்னு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்) ஆபீஸ்ல கேட்டு நாள மாத்தி வாங்கினாரு. வரிச நெறஞ்சிச்சு.

இப்ப என்னா செய்யலாம்

2023 மார்ச்ல உள்ளூராட்சி சபைங்க எல்லாம் காலம் முடிஞ்சி கலைஞ்சிச்சு, ரெண்டு வருசத்துக்கு மேல தோட்டத்துக்கு மெம்பர்னு ஒருத்தரும் இல்ல, 2025 மே 6 எலெக்சனுக்கு பொறவுதான் திரும்ப வந்திருக்காங்க. புதுசா வந்தவங்ககிட்ட இந்த நிகழ்வ வச்சி நான் கேக்குறது இது. கொப்பிய இப்பவே ஆரம்பிங்க, மண்சரிவு வந்தாலும் காய்ச்ச வந்தாலும் அதே கோடு போதும். லயத்துக்கு லயம் கிளினிக் மருந்து எடுக்குற ஆளுங்க எந்தக் காம்பராவுல இருக்காங்கன்னு அவங்க சம்மதத்தோட எழுதி தோட்டத்து மருத்துவ உதவியாளர் (ஈ.எம்.ஏ) கிட்டயும் பி.எச்.ஐ கிட்டயும் ஒரு பிரதி குடுங்க. காம்பரா நம்பர தபாலுக்கு விலாசமா ஏத்துக்கச் சொல்லி சபையில ஒரு பிரேரணை கொண்டாந்து தபால் கந்தோருக்கு எழுதுங்க, அந்தக் கீழ் டிவிஷன்ல இன்னைக்கும் பார்சல் ஆபீசுக்குத்தான் போகுது, தபால் தூக்குற அண்ணன் பென்சன் போயிட்டாரு, காம்பரா நம்பர் வாசிக்கிற வழக்கமும் அவரோட நின்னு போச்சு. தனிமப்படுத்துற நாளுக்கு கூலி யாரு குடுக்கணும்னு சம்பளச் சபைக்கு தொழில் சங்கம் எல்லாம் சேந்து ஒரு கோரிக்க வைக்கட்டும், அடுத்த நோய் வர்றதுக்கு முன்னுக்கே. மெம்பரோட பழைய கொப்பிய போட்டோ எடுத்து வச்சிருக்கேன், கோடு எப்படி போட்டிருக்காருன்னு பாக்கணும்னா எந்த சபை மெம்பரா இருந்தாலும் கேளுங்க, அனுப்புறேன்.